முன்பிரேக் பேட்: புதுசை வாங்குறதுக்கு முன்னாடி பழசைப் படிங்க

ஆத்தங்குடிப் பக்கம் ஓடுற பைக்குகள்ல, முன்சக்கர பிரேக் பேட் தேஞ்சு தீர்ந்துபோறதைவிட தேயாமலேயே கெட்டுப்போறதுதான் அதிகம். தெரிஞ்சவங்க வண்டியில இருந்து கழட்டின பழைய பேடுகளை ஒரு பிஸ்கட் டப்பாவுல சேர்த்து வச்சிட்டு வர்றேன் (வீட்டுல இதுக்கு வேற பேர் சொல்றாங்க). டப்பாவைக் கொட்டிப் பார்த்தா நிறைய பேட்ல இன்னும் நல்ல கனம் மிச்சம் இருக்கு. ஆனா ஒண்ணு கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு. இன்னொண்ணு எண்ணெய் குடிச்சுக் கறுத்திருக்கு. சில ஜோடியில ஒரு பேட் இரும்புத் தகடு வரைக்கும் தேஞ்சிருக்க, அதோட இணை நேத்து வாங்கினது மாதிரி இருக்கு.

இதுக்கு முக்கியமான காரணம் நம்ம ஓட்டுற பழக்கம்னு நினைக்கிறேன். பைக் கத்துக்குடுக்கும்போதே "முன்பிரேக்கைத் தொடாதே, தூக்கிப் போட்டுடும்"னு சொல்லித்தான் கத்துக்குடுக்கிறாங்க. மணல் கிடக்கிற ரோட்டுல, வளைவுல, ஹேண்டில் திரும்பியிருக்கும்போது சடார்னு முன்பிரேக் பிடிச்சா உண்மையிலேயே தூக்கிப் போடும். அந்த ஒரு நிலைமைக்கான எச்சரிக்கையை எல்லா நிலைமைக்கும் விதியா ஆக்கிட்டோம். அதனால முன்பிரேக்கை லேசா, அப்பப்போ மட்டும் தொடுறோம். லேசான உரசல்ல பேட் மேற்பரப்பு இறுகிப் பளபளப்பாயிடும். அசையாமக் கிடக்கிற பின்கள் துருப்பிடிக்கும். பிரேக் மந்தமாகும். மந்தமான பிறகு "பார்த்தியா, முன்பிரேக் வேலைக்கு ஆகாது"ன்னு இன்னும் குறைவா தொடுவோம். நம்பாததால கெடுது, கெட்டதால நம்ப முடியல.

இதுல எவ்வளவு இழக்குறோம்னு ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். சக்கரங்களுக்கு இடையில 1.3 மீட்டர், எடைமையம் தரையில இருந்து 0.6 மீட்டர் உயரம், நின்னுட்டு இருக்கும்போது எடை ரெண்டு சக்கரத்துக்கும் சரிபாதின்னு வச்சுக்குவோம். காய்ஞ்ச தார் ரோட்டுல ரெண்டு பிரேக்கையும் ஒழுங்கா பிடிச்சா, புவியீர்ப்பு முடுக்கத்துல 0.7 பங்கு அளவுக்கு வேகத்தைக் குறைக்கலாம். அந்த நேரத்துல வண்டி முன்னாடி அமுங்கி, மொத்த எடையில சுமார் 80 சதவீதம் முன்சக்கரத்து மேல போயிடுது. 60 கி.மீ. வேகத்துல இருந்து நிக்க சுமார் 20 மீட்டர் போதும். பின்பிரேக் மட்டும் பிடிச்சா, பின்சக்கரத்து மேல எடை குறைஞ்சிடுறதால, டயர் வழுக்குற எல்லை வரைக்கும் மிதிச்சாலும் சுமார் 48 மீட்டர் ஆகும். நாம சுதாரிச்சுப் பிடிக்கிறதுக்குள்ள போற 16, 17 மீட்டர் ரெண்டு கணக்குலயும் தனி. ஊர் ரோட்டுல ஒரு ஆடோ, பந்தை விரட்டிட்டு ஒரு பிள்ளையோ குறுக்க வந்தா, அந்த 28 மீட்டர் வித்தியாசம்தான் விஷயம்.

ஏபிஎஸ் இருக்கே, அது பார்த்துக்காதான்னு கேக்கலாம். 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல இருக்கிற எல்லாப் புது பைக்குக்கும் இந்தியாவுல ஏபிஎஸ் கட்டாயம். ஆனா ஏபிஎஸ் செய்யுற வேலை, சக்கரம் பூட்டிக்கிற நேரத்துல பிடியை விட்டு விட்டுப் பிடிக்கிறது. பேட் பிடிக்கவே இல்லைன்னா அதுக்கு அங்க வேலையே கிடையாது.

சரி, "பிரேக் சரியில்ல"ன்னு தோணினதும் கடைக்குப் போய் பேட் வாங்குறதுக்கு முன்னாடி, லிவர் என்ன சொல்லுதுன்னு கேளுங்க. லிவர் பஞ்சு மாதிரி அமுங்கி, ரெண்டு மூணு தடவை அடிச்சா மட்டும் பிடிக்குதா? அது பேட் கோளாறு இல்ல. லைன்ல காத்து இருக்கு, இல்லைன்னா திரவம் பழசாயிடுச்சு, இல்லைன்னா எங்கயோ கசியுது. லிவர் கல்லு மாதிரி கெட்டியா இருக்கு, ஆனா வண்டி நிக்க மாட்டேங்குதா? அப்பதான் பேடையும் டிஸ்க்கையும் கேலிப்பரையும் சந்தேகப்படணும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமலே நிறைய பேர் பேட் மாத்தி, பணமும் போய், பிரேக்கும் வராம இருக்காங்க.

அடுத்தது பழைய பேடைப் படிக்கிறது. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்ற மாதிரிதான் இது.

மேற்பரப்பு முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பா இருந்தா, மேல சொன்ன லேசான உரசல் நோய். கோடு கோடா பள்ளம் விழுந்திருந்தா மணல். டைல்ஸ் பட்டறைகள் நிறைஞ்ச ஊர்ல, மணல் லோடு போகிற ரோட்டுல இது சகஜம். ஆத்தங்குடி டைல்ஸுக்குப் பேர் வாங்கித் தந்த மணல் பிரேக்குக்கு எதிரி. மணல்ல இருக்கிற குவார்ட்ஸோட கடினம் மோஸ் அளவுல 7, அதாவது டிஸ்க் எஃகை விடக் கடினம். டிரம் பிரேக் மூடின பெட்டி, டிஸ்க் பிரேக் திறந்த வீடு. மணல் துகள் பேட்ல புதைஞ்சா டிஸ்க்கைச் சீவ ஆரம்பிக்கும்.

ஓரத்துல ஈரமா, கறுப்பா ஒரு வளையம் இருந்தா எண்ணெய். முதல்ல முன் ஃபோர்க்கைப் பாருங்க. ஃபோர்க் ஆயில் சீல் போயிருந்தா எண்ணெய் கீழ இறங்கி டிஸ்க்குக்கும் கேலிப்பருக்கும் வந்துடும். அதைச் சரிபண்ணாம புது பேட் போட்டா அதுவும் எண்ணெய் குடிக்கும். இன்னொரு வழி எங்க ஊருக்கே உரியது. ஆத்தங்குடி டைல்ஸ் தரையை மினுக்கத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கிற வழக்கம் உண்டு. அந்தத் துணியையே எடுத்து வண்டியையும் துடைச்சு, அப்படியே டிஸ்க்கையும் பளபளன்னு ஆக்கி வச்சிருப்பாங்க. பேட் நுண்துளை நிறைஞ்ச பொருள், எண்ணெயை உறிஞ்சிக்கும். பெட்ரோல்ல கழுவினாலோ நெருப்புல வாட்டினாலோ முழுசா வெளிய வராது. வாட்டினா பேடைப் பிணைச்சிருக்கிற ரெசின்தான் கெடும். எண்ணெய் குடிச்ச பேடைத் தூக்கிப் போட வேண்டியதுதான், எவ்வளவு கனம் மிச்சம் இருந்தாலும்.

ஜோடியில ஒண்ணு மட்டும் தேஞ்சிருக்கிறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச அறிகுறி, ஏன்னா அது பேட் பத்தின சேதியே இல்ல. நம்ம பைக்குகள்ல பெரும்பாலும் இருக்கிறது நகரும் கேலிப்பர். பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும்தான். பிஸ்டன் ஒரு பேடைத் தள்ளும், அந்த எதிர்விசையில கேலிப்பர் மொத்தமும் ரெண்டு பின் மேல வழுக்கி நகர்ந்து, மறுபக்கப் பேடை இழுத்துட்டு வரும். அந்தப் பின்கள் துருவுல இறுகிட்டா ஒரு பேட் மட்டும் வேலை செய்யும், மத்தது வேடிக்கை பார்க்கும்.

டைல்ஸ் பட்டறையில வேலை பார்க்கிற ஒரு தம்பி என்கிட்ட வந்ததும் இதுக்காகத்தான். "அண்ணே, புது பேட் போட்டும் வண்டி நிக்கல. இன்னும் நல்லதா, காஸ்ட்லியா ஏதாவது சொல்லுங்கண்ணே, வாங்கிடுறேன்"னார். டேங்க் மேல நாலு வயசு மகளை உட்கார வச்சுக்கிட்டுத்தான் தினம் பால்வாடிக்குப் போவார். கழட்டினப்ப உள்பக்கப் பேட் பாதி தேஞ்சிருந்தது, வெளிப்பக்கம் அப்படியே இருந்தது. கேலிப்பரைக் கையால ஆட்டிப் பார்த்தேன், அசையல. பின் ரெண்டையும் வெளிய எடுக்கவே அரைமணி நேரம் ஆச்சு. துருவைத் தேய்ச்சு எடுத்து, சரியான கிரீஸ் போட்டு மாட்டினதும் ஒரு விரல்ல தள்ளினா நகர்ந்தது. எவ்வளவு விலை உயர்ந்த பேட் போட்டிருந்தாலும் அந்த வண்டி நின்னிருக்காது. ஜோடி சமமா இல்லாததால அதே மாதிரி சாதாரண பேட் ஒரு செட் மட்டும் வாங்கச் சொன்னேன். அவருக்கு அதுல கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அலுமினியக் கேலிப்பருக்குள்ள எஃகு பின், நடுவுல ஈரம். ரெண்டு வேற உலோகமும் ஈரமும் சேர்ந்தா ஒரு சின்ன பேட்டரி மாதிரிதான், அரிப்பு வேகமாகும். இந்த அரிப்பைப் பத்தி ஆராய்ச்சி பண்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலயே இருக்கு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948ல நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில திறந்த இடம். அதோட வாசலைத் தாண்டித்தான் துருப்பிடிச்ச பின்னோட நாம எல்லாரும் போயிட்டு வர்றோம்.

இப்போ தேர்வுக்கு வருவோம். கடையில போய் "பேட் கொடுங்க"ன்னு கேட்டா முதல் பிரச்சனை வடிவம். ஒரே பேர்ல வர்ற பைக்குக்கே வருஷத்துக்கு வருஷம் கேலிப்பர் மாறியிருக்கும். அதனால வண்டி பேரைச் சொல்லி வாங்காதீங்க. கையேட்டுல இருக்கிற பார்ட் நம்பரைச் சொல்லுங்க, பழைய பேடையும் கையில எடுத்துட்டுப் போங்க. பின் தகட்டோட வெளிவடிவம், பின் போற ஓட்டை, கொக்கி, மொத்தக் கனம் நாலும் பொருந்தணும். "கொஞ்சம் ராவிட்டா உள்ள போயிடும்ணே"ன்னு கடைக்காரர் சொன்னா, நன்றி சொல்லிட்டு அடுத்த கடைக்குப் போயிடுங்க.

ரெண்டாவது, எதால செஞ்சது. பிரேக்குல உராய்வுப் பொருளைத் தனியா ஒட்டணும்ங்கிற யோசனைக்கே சுவாரசியமான ஒரு தொடக்கம் உண்டு. 1888 ஆகஸ்ட்ல பெர்த்தா பென்ஸ் கணவரோட காரை எடுத்துக்கிட்டு மான்ஹைம்ல இருந்து போர்ஸ்ஹைம் போனப்ப, இறக்கத்துல மரக்கட்டை பிரேக் தேஞ்சுபோக, வழியில செருப்புத் தைக்கிறவர்கிட்ட தோல் அடிச்சு வாங்கினாங்க. லாஞ்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்துல காப்புரிமை வாங்கினது 1902. அது நிறைய பைக்குகளுக்கு வந்து சேர, 1969ல ஹோண்டா சிபி750 வரணும்னு இருந்தது.

இன்னைக்கு நம்ம ஊர்க் கடையில கிடைக்கிறது பெரும்பாலும் ஆர்கானிக், செமி மெட்டாலிக், சின்டர்டு இந்த மூணுதான். ஆர்கானிக்னா இயற்கை விவசாயம்னு அர்த்தம் இல்ல. நார், நிரப்பிகள், ரப்பர் எல்லாத்தையும் பினாலிக் ரெசின் போட்டு அழுத்திச் சுட்டது. இதுல பலதுல முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயில இருந்து செய்யுற ஒரு தூளும் சேர்க்கிறாங்க. சத்தத்தைக் குறைக்கும், உராய்வைச் சீரா வச்சிருக்கும். பண்ருட்டியில முந்திரியை உடைக்கும்போது கையைப் பொத்துப்போக வைக்கிற அதே எண்ணெய் வகைதான். செமி மெட்டாலிக்னா அந்தக் கலவையிலேயே எஃகு நார், உலோகத் தூள் அதிகம். சின்டர்டு வேற ஜாதி. செம்பு மாதிரியான உலோகப் பொடிகளை அழுத்திச் சூட்டுல ஒண்ணாக்கினது. மழையிலயும் கடும் சூட்டுலயும் நல்லா பிடிக்கும், ரொம்ப நாள் வரும். அதுக்கேத்த டிஸ்க் இல்லைன்னா டிஸ்க்கைத் தின்னும். சூட்டையும் பிஸ்டன் பக்கமா அதிகம் கடத்தும்.

"சின்டர்டுதான் பெஸ்ட்"ங்கிற பேச்சு எல்லா இடத்துலயும் இருக்கு. யாருக்கு பெஸ்ட்னு பார்க்கணும். வண்டி, ஓட்டுறவர், பின்னாடி ஒருத்தர் சேர்த்து 280 கிலோன்னு வைங்க. 60 கி.மீ. வேகத்துல அதோட இயக்க ஆற்றல் சுமார் 39 ஆயிரம் ஜூல். அதுல முக்கால் பங்கு முன் டிஸ்க்குக்குப் போனாலும், ஒரு கிலோ எஃகு டிஸ்க் ஒரு தடவைக்கு 60 டிகிரி அளவுதான் சூடாகும். செட்டிநாட்டுச் சமதரையில ஒரு பிரேக்குக்கும் அடுத்த பிரேக்குக்கும் நடுவுல அது ஆறிடும். சாதாரண ஆர்கானிக் பேட் இதை வாழ்நாள் பூரா தாங்கும். அதுவே கொல்லிமலை இறங்குறீங்கன்னு வைங்க. ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இறக்கம்னு எடுத்துக்கிட்டா, அந்த 280 கிலோ கொட்டுற ஆற்றல் 27 லட்சம் ஜூலுக்கு மேல. 60 கி.மீ. வேகத்துல இருந்து 70 தடவை நிறுத்தினதுக்குச் சமம். கொல்லிமலையில கொண்டை ஊசி வளைவும் சரியா 70. வளைவுக்கு ஒரு முழு பிரேக்! இஞ்சின் கியர்ல பாதியை வாங்கிக்கிட்டாலும் மிச்சம் பேட் தலையிலதான். மலையில அடிக்கடி ஓட்டுறவங்க, டிஸ்க் அதுக்கேத்ததுன்னு கம்பெனி சொல்லியிருந்தா, சின்டர்டு பத்தி யோசிக்கலாம். வருஷத்துக்கு ஒருதடவை கொடைக்கானல் போறவங்க சின்ன கியர்ல இறங்கினாலே போதும். கம்பெனி எந்த வகை போட்டு அனுப்பிச்சதோ அதே வகை, இது என் கட்சி.

சில பேட்ல பின் தகட்டுலயோ ஓரத்துலயோ ரெண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதல் எழுத்து சாதாரண சூட்டுல எவ்வளவு உராய்வு, ரெண்டாவது கடும் சூட்டுல எவ்வளவுன்னு சொல்லும். 'எஃப்'னா உராய்வுக் கெழு 0.35ல இருந்து 0.45 வரைக்கும், 'ஜி'ன்னா 0.45 – 0.55, 'எச்'னா 0.55க்கு மேல. ரெண்டு எழுத்தும் ஒண்ணா இருந்தா சூடானாலும் குணம் பெருசா மாறாதுன்னு புரிஞ்சுக்கலாம். ஆனா இது தரச் சான்றிதழ் இல்ல, உராய்வோட வகை மட்டும்தான். 'எஃப்' இருந்த வண்டிக்குத் திடீர்னு 'எச்' போட்டா, முன்பிரேக் பழக்கமே இல்லாத கைக்கு அது ஆபத்தாவும் முடியலாம், குறிப்பா ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியில.

போலி பத்தி ஒரு வார்த்தை. உராய்வுப் பொருள் தயாரிப்பு தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்ல. பாடியில பிரேக்ஸ் இந்தியா 1962லயும், சென்னையில ரானே பிரேக் லைனிங் 1964லயும், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974லயும் தொடங்கினது. இவ்வளவு இருந்தும் பெட்டியை மட்டும் அச்சடிச்சு வர்ற சரக்கும் கடையில இருக்கு. அச்சு மங்கலா இருக்கிறது, பார்ட் நம்பர் பெட்டியில ஒண்ணும் தகட்டுல ஒண்ணுமா இருக்கிறது, ஒட்டின இடத்துல இடைவெளி தெரியுறது, நகத்தால சுரண்டினா உதிர்றது, இதெல்லாம் பார்த்தா திருப்பிக் கொடுத்துடுங்க. ஓடும்போது தகட்டுல இருந்து பேட் கழண்டுபோனா அந்தப் பக்கம் பிரேக்கே இருக்காது.

மாட்டுறது பெரிய வித்தை இல்ல. ஆனா வரிசை முக்கியம். வண்டியை மணல் இல்லாத இடத்துல, சென்டர் ஸ்டாண்ட்ல போடுங்க. முகக்கவசம் போட்டுக்கோங்க. பிரேக் தூசியைக் காத்தடிச்சு ஊதக் கூடாது. பல வருஷம் பிரேக்குல ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்துக்கிட்டு இருந்தாங்க. பழைய பேட்ல என்ன இருக்குன்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத தூசியும் நுரையீரலுக்கு நல்லதில்ல. சோப்புத் தண்ணியும் பழைய டூத் பிரஷும் போதும். பட்டறையில தினம் பத்து வண்டிக்குக் காத்தடிச்சு ஊதுற பையன்களை நினைச்சாத்தான் எனக்குக் கவலை.

கேலிப்பர் ஃபோர்க்குல இருக்கும்போதே பேடைப் பிடிச்சிருக்கிற பின்னை லூஸ் பண்ணிக்கோங்க. கழட்டினதுக்கு அப்புறம் கையில வச்சுக்கிட்டு அதைத் திருகுறது பெரும்பாடு. பிறகு கேலிப்பரோட ரெண்டு போல்ட்டையும் எடுங்க. கேலிப்பரை ஹோஸ்ல தொங்க விடாதீங்க, ஒரு கயித்துல ஹேண்டில்ல கட்டிடுங்க. இந்த நிலையில யாரும் லிவரை அமுக்கக் கூடாது, பிஸ்டன் வெளிய வந்துடும். வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா லிவருக்கும் கிரிப்புக்கும் நடுவுல ஒரு மரத்துண்டு செருகிடுங்க.

புது பேட் கனமா இருக்கும், அதனால பிஸ்டனை உள்ள தள்ளணும். தள்ளுறதுக்கு முன்னாடி, வெளிய தெரியுற பிஸ்டன் பகுதியைச் சுத்தி பிரஷ் போட்டுக் கழுவுங்க. அழுக்கோட தள்ளினா அது சீலைக் கிழிக்கும். மேல மாஸ்டர் சிலிண்டர் டப்பாவுல திரவம் ஏறி வரும். நடுவுல யாராவது "குறைஞ்சிருக்கே"ன்னு ஊத்தி வச்சிருந்தா வழிஞ்சிடும். டேங்க் மேல ஈரத்துணி போட்டு வைங்க, அது பெயின்ட்டைத் தின்னும், பட்ட இடத்தை உடனே தண்ணி ஊத்திக் கழுவணும்.

இங்க ஒரு சொல்லைப் பத்திச் சொல்லியாகணும். நாம எல்லாரும் அதை "பிரேக் ஆயில்"னு சொல்றோம். அது எண்ணெயே இல்ல. டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைக்கால் வகைத் திரவம், தண்ணியில கலக்கும். எண்ணெய்னு பேர் இருக்கிறதால குறையும்போது இஞ்சின் ஆயிலை ஊத்தினவங்க உண்டு. உள்ள இருக்கிற ரப்பர் சீல் எல்லாம் கனிம எண்ணெய் பட்டா ஊதிடும், மொத்த பிரேக்கும் பூட்டிக்கும். கேலிப்பர் ரப்பரைப் பெட்ரோல்ல கழுவக் கூடாதுன்னு சொல்றதும், பின்னுக்கு மஞ்சள் கிரீஸ் போடக் கூடாது, சிலிக்கோன் கிரீஸ்தான் போடணும்னு சொல்றதும் இதனாலதான். இந்தத் திரவம் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறினதுக்கு அந்த எல்லை 155. கொதிச்சா ஆவி வரும், ஆவி அமுங்கும், லிவர் கிரிப்பைத் தொட்டுடும். ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாத்துங்க, மூடி மேல எந்த டாட்னு எழுதியிருக்கோ அதையே.

டிஸ்க்கைச் சும்மா விடாதீங்க. குறைந்தபட்சக் கனம் எவ்வளவுன்னு அதுலயே பொறிச்சிருக்கும். வெர்னியர்ல அளந்தா வெளி ஓரத்துல தேயாம நிக்கிற விளிம்பு குறுக்க வந்து அதிகமா காட்டும், மைக்ரோமீட்டர்தான் சரி. எல்லைக்குக் கீழ போயிருந்தா டிஸ்க்கும் மாத்தணும். சில நூறு ரூபாய் பேடை இரும்பு வரைக்கும் தேய விட்டவங்க, டிஸ்க்குக்கு ஆயிரக்கணக்குல கொடுக்க வேண்டி வரும்.

பழைய பேட் பளபளப்பு மட்டும்தான், கனமும் இருக்கு, எண்ணெயும் குடிக்கலன்னா, இப்போதைக்கு அதையே மீட்கலாம். சமமான கண்ணாடி மேல உப்புத்தாளை ஈரமாக்கி வச்சு, பேடை எட்டு போடுற மாதிரி தேய்க்கணும், மினுமினுப்பு போற வரைக்கும். கண்ணாடி ஏன்னா, கையால தேய்ச்சா நடு மேடாயிடும். ஆத்தங்குடி டைல்ஸோட முகம் அவ்வளவு சமமா வர்றதுக்குக் காரணமே அதைக் கண்ணாடி மேல கவிழ்த்து வார்க்கிறதுதான். எங்க ஊர்ல அதுக்கு ஒரு பழைய கண்ணாடித் துண்டு கிடைக்கிறது கஷ்டமில்ல.

மாட்டும்போது சத்தம் தடுக்கிற ஸ்பிரிங் தகட்டைக் கழட்டின திசையிலயே வைங்க, கழட்டறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கிட்டா நல்லது. பேடோட உராய்வு முகம் டிஸ்க்கைப் பார்க்கணும். சிரிக்காதீங்க, தகடு டிஸ்க்கைப் பார்த்து மாட்டின வண்டியும் நடமாடுது. போல்ட்டை டார்க் ரெஞ்ச் வச்சு கையேட்டுல சொன்ன அளவுக்கு முறுக்குங்க.

எல்லாம் முடிஞ்சதும் வண்டியை நகர்த்துறதுக்கு முன்னாடி லிவரை அடிங்க. முதல் ரெண்டு மூணு தடவை அது நேரா கிரிப் வரைக்கும் வந்துடும், ஏன்னா பிஸ்டனை உள்ள தள்ளி வச்சிருக்கோம். கெட்டியாகுற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருங்க. அடிக்காம ஸ்டார்ட் பண்ணித் தெருமுனைக்குப் போனா, முதல் பிரேக் அங்க இருக்காது. பிறகு திரவ மட்டத்தைப் பார்த்துட்டு, சக்கரத்தைச் சுத்தி விட்டுப் பாருங்க, லேசா உரசலாம், இறுகக் கூடாது.

புது பேட் முதல் நாளே முழுசா பிடிக்காது. பேடும் டிஸ்க்கும் ஒண்ணுக்கொண்ணு படியணும், பேட் பொருள்ல ஒரு மெல்லிய படலம் டிஸ்க் மேல சீரா ஏறணும். காலையில ஆள் நடமாட்டம் குறைஞ்ச நேரத்துல, கானாடுகாத்தான் ரோடு மாதிரி நேரான இடத்துல, 40 கி.மீ. வேகத்துல இருந்து 10 வரைக்கும் நிதானமா, உறுதியா முன்பிரேக் பிடிச்சுக் குறைங்க. முழுசா நிறுத்தாதீங்க, மறுபடி வேகம் எடுங்க. இருபது தடவை. நடுநடுவுல டிஸ்க் ஆற இடைவெளி விடுங்க. முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முன்னாடி போற வண்டிக்குக் கொஞ்சம் அதிகமாவே இடம் கொடுங்க.

அந்த இருபது தடவை பேடுக்கு மட்டும் இல்ல, கைக்கும்தான். பட்டறைத் தம்பியையும் அதே ரோட்டுல அப்படித்தான் பழகச் சொன்னேன், பொண்ணை வீட்டுல விட்டுட்டு. முதல்ல மெதுவா அழுத்தம் கொடுத்து, வண்டி முன்னாடி அமுங்கினதை உணர்ந்த பிறகு அழுத்தத்தைக் கூட்டணும். சடார்னு இல்ல, எலுமிச்சம்பழம் பிழியுற மாதிரி. வண்டி நேரா இருக்கும்போது மட்டும்.

மாசம் ஒருதடவை டார்ச் அடிச்சு பேட் கனம் பாருங்க. தேய்மானக் கோட்டைத் தொட்டுட்டாலோ, ரெண்டு மில்லிமீட்டருக்குக் கீழ போயிட்டாலோ மாத்திடலாம். மழைக்காலம் முடிஞ்சதும் பின் ரெண்டையும் எடுத்துத் துடைச்சு கிரீஸ் போடுங்க. மாத்தின தேதியையும் கிலோமீட்டரையும் பழைய பேடோட பின் தகட்டுல மார்க்கர்ல எழுதி வையுங்க. ரெண்டு செட் சேர்ந்துட்டா உங்க வண்டி எந்தப் பக்கம் அதிகம் தேயுதுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துக்கலாம்.